பித்த அமிலமும் பெருங்குடல் புற்றுநோயும்: சாப்பாட்டில் எதை மாற்றலாம்?

பித்தத்தைக் கழுவி வெளியேற்றும் பொடி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கொழுப்பு செரிக்கப் பித்தம் வேண்டும். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கும் பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம், சிறுகுடலின் கடைசிப் பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே போய்விடுகிறது. வம்பு மிச்சம் 5 சதவீதத்தில்தான். அது பெருங்குடலுக்குள் இறங்கியதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை டிஆக்ஸிகோலிக் அமிலமாகவும் லித்தோகோலிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. இவை அதிக அளவில் வருடக்கணக்காகக் குடல் சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் செல்கள் புண்பட்டு, டிஎன்ஏ சேதமாகி, சாக வேண்டிய செல் சாகாமல் பெருகக்கூடும். புற்றுநோய்க்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நம் கையில் இருக்கும் காரணம்.

சரி, என்ன செய்யலாம்? கொழுப்பு கூடினால் பித்தமும் கூடச் சுரக்கும், அதனால் பொரித்ததையும் கொழுப்பு மிகுந்த இறைச்சியையும் குறையுங்கள். பதப்படுத்திய இறைச்சியை விட்டேவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கொழுப்பைக் குறைப்பதைவிட நார்ச்சத்தைக் கூட்டுவதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். பருப்பு, முழுதானியம், காய், பழம் எல்லாவற்றிலும் இருக்கிறது. பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்க வைக்கும்போது குடலுக்குள் அமிலத்தன்மை கூடும், பித்த அமிலத்தை மாற்றும் நொதி மந்தமாகும், கூடவே குடல் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட்டும் கிடைக்கும். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினருக்கும் இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள். கொழுப்பு குறைந்து நார்ச்சத்து கூடிய பக்கம் பாக்டீரியா மாற்றிய இந்தப் பித்த அமிலங்கள் இறங்கின, மறுபக்கம் ஏறின. ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வயிறு உப்பிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் நிறைய குடியுங்கள்.

உணவில் வரும் கால்சியமும் பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பித்தப்பையை எடுத்தவர்கள் பதற வேண்டாம். மலம் அடிக்கடி நீர்த்துப் போனால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பித்த அமிலத்தைக் கட்டிப்போடும் மருந்து இருக்கிறது.

அப்புறம், சாப்பாடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு 45 வயதிலிருந்து பரிசோதனை என்பது அமெரிக்கப் பரிந்துரை. பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ ஒருவருக்கு இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் 10 வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது. அப்பாவுக்கு 48-ல் என்றால் உங்களுக்கு 38-லேயே கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை.