ஐகானில் திறந்தால் ஓடாத லிஸ்ப்

செங்கோட்டையில் சாரல் விடாமல் பெய்த மூன்று நாளும் லிஸ்ப் என்ற நிரல்மொழியை என் கணினியில் ஓட வைப்பதிலேயே போயின. லினக்ஸில் ஈமேக்ஸ் என்ற எடிட்டர், அதற்குள்ளிருந்தே லிஸ்ப் எழுதி ஓட்ட உதவும் ஸ்லைம், லிஸ்பை ஓட்டும் எஸ்பிசிஎல் எல்லாம் போட்டாயிற்று. ஸ்லைமைக் கூப்பிட்டால் ‘லிஸ்ப்’ என்ற நிரல் இல்லை என்றது. எந்த லிஸ்ப் நிரலை ஓட்டுவது என்று சொல்லும் ‘இன்ஃபீரியர்-லிஸ்ப்-புரோகிராம்’ என்ற ஈமேக்ஸ் மாறியில் ‘எஸ்பிசிஎல்’ என்று மாற்றினேன். இப்போது எஸ்பிசிஎல் இல்லை என்றது. ஸ்லைமை இரண்டு முறை அழித்துப் போட்டும் பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: கட்டளை அடிக்கும் டெர்மினலிலிருந்து ஈமேக்ஸைத் திறந்தால் ஓடுகிறது, ஐகானைத் தட்டினால் ஓடுவதில்லை! எஸ்பிசிஎல்லை என் ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவி, அது இருக்கும் பாதையை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் மட்டும் சேர்த்திருந்தேன். ஐகான் வழியாகத் திறந்த ஈமேக்ஸுக்கு அந்தப் பாதை போய்ச் சேரவே இல்லை.

சரி என்று டெர்மினலில், நிரல் இருக்கும் இடத்தைக் காட்டும் ‘விச் எஸ்பிசிஎல்’ அடித்து, வந்த முழுப் பாதையை அப்படியே அந்த மாறியில் எழுதினேன். ஐகானைத் தட்டி ஸ்லைமைக் கூப்பிட்டதும், லிஸ்ப் தயார் என்று காட்டும் ‘சிஎல்-யூசர்>’ வந்து நின்றது. (+ 2 3) கொடுத்தேன், 5 வந்தது. அப்பாடா!