பேச்சில் 'டோன்ட்', விண்ணப்பத்தில் 'டூ நாட்'

ஆங்கிலத்தை எழுதியே படித்துவிட்டு பிரிட்டனுக்கு வரும் நம்மவர்கள் பலரின் பேச்சில் ஒரு விறைப்பு இருக்கும். இலக்கணப் பிழை இருக்காது. ஆனாலும் கேட்பவரின் முகம் சுருங்கும். குழாய் எப்படி உடைந்தது என்று வீட்டு உரிமையாளர் கேட்கிறார் என்று வையுங்கள். 'ஐ டிட் நாட் டூ இட்' என்று சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னால், சண்டைக்கு நிற்பதுபோல் ஒலிக்கும். 'டிட்' போன்ற சொல்லோடு ஒட்டிச் சுருங்காமல் 'நாட்' தனித்து விழுந்தால் இங்கே அது அழுத்தம், பல நேரம் கோபம். 'ஐ டிடின்ட்' என்றால் வெறும் தகவல்தான்.

ஆகவே வாய்ப்பேச்சில் 'ஐம்', 'டோன்ட்', 'இட்ஸ்' என்று சுருக்கியே பழகுங்கள். மேலதிகாரியிடம்கூட அது மரியாதைக் குறைவு ஆகாது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிற நாமும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லையே. ஆனால் 'ஆம்' என்னும் குறும்பதிலின் முடிவில் சுருக்கக் கூடாது: எடுத்துக்காட்டாக, மருத்துவரின் வரவேற்பு மேசையில் 'புதிதாகப் பதிகிறீர்களா?' என்று கேட்டால் பதில் 'யெஸ், ஐ ஆம்'. அங்கே 'யெஸ், ஐம்' என்று எவரும் முடிப்பதில்லை.

காதுக்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை. 'கான்ட்' என்பதன் கடைசி 'ட்' பெரும்பாலும் விழுங்கப்படும். அதைத் தேடாதீர்கள், உயிரொலியின் நீளத்தைக் கவனியுங்கள். முடியும் என்றால் 'கன்' என்று ஓடிவிடும். முடியாது என்றால் 'கா' நீளும். மருந்துக்கடையில் ஐயம் வந்தால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். இந்த மாத்திரையோடு மற்றொன்றைச் சாப்பிடலாமா கூடாதா என்பதை ஊகத்துக்கு விடவே கூடாது.

எழுத்தில் நிலைமை வேறு. பிரிட்டன் அரசின் இணையதளமே தன் எழுத்து விதிகளில் 'கான்ட்', 'டோன்ட்' போன்ற எதிர்மறைச் சுருக்கங்களைத் தவிர்க்கச் சொல்கிறது; பலர் அவற்றை நேரெதிர்ப் பொருளில் படித்துவிடுகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். விசா கடிதம், வேலை விண்ணப்பம், புகார் மனு எல்லாவற்றிலும் முழு வடிவமே எழுதுங்கள். பிள்ளையின் ஆசிரியருக்கு அனுப்பும் சிறு குறிப்பில் சுருக்கம் இருந்தால் தவறில்லை. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் பொதுப் பயிற்சித் தேர்வில் நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும் சுருக்கமே இயல்பு.

'இட்ஸ்' எழுதும்போது மட்டும் ஒரு கணம் நில்லுங்கள். 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்தால் பொருந்துகிறதா? அப்படியானால் 'எஸ்' எழுத்துக்கு முன் மேலே அபாஸ்ட்ரபி (’) குறி உண்டு. 'அதனுடைய' என்ற பொருள் என்றால் குறி கிடையாது.