கோலாலம்பூர் வெயிலில் காலிஃப்ளவர்: பூ பிடிக்காமல் போவது எதனால்?

செடி முழங்கால் உயரம் வளர்ந்து, இலை பச்சைப் பசேலென்று விரிந்திருக்கும். நடுவில் பூ மட்டும் இருக்காது. கோலாலம்பூரில் காலிஃப்ளவர் போடும் பலரின் மனக்குறை இது. உரம் போதவில்லையென்று மேலும் மேலும் கோழி எருவைப் போடுவார்கள். இலைதான் பெருக்கும்.

பெரும்பாலும் தவறு விதையில் இருக்கிறது. குளிர்நாட்டு ரகங்களுக்குச் சில வாரமாவது நல்ல குளிர் பட்டால்தான் பூ பிடிக்கும். கேமரன் மலையில் அந்தக் குளிர் உண்டு. இங்கே பகலில் 32, 33 டிகிரி. விடியற்காலையில்கூட 23க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வெப்பம் தாங்கும் ரகம், சீக்கிரம் அறுவடைக்கு வரும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அவையும் 20 முதல் 27 டிகிரிக்குள்தான் நன்றாகப் பூ பிடிக்கும். ஆகவே காலை வெயில் விழுந்து, மதியத்துக்குப் பிறகு நிழல் கிடைக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். மேற்குச் சுவர் ஓரம் வேண்டவே வேண்டாம். பூ சந்தையில் பார்ப்பதைவிடச் சிறியதாகவே வரும்; அது குறையே அல்ல.

நாற்றைத் தட்டில் அதிக நாள் விட்டுவிடுவதும் கெடுதல். வேர் சுருண்டு வாடிய நாற்று, நட்டபின் பொத்தான் அளவு பூ விட்டு நின்றுவிடும். நான்கைந்து வாரத்தில், ஐந்தாறு இலை வந்ததும் மாற்றி நடுங்கள். தரையில் 45 சென்டிமீட்டர் இடைவெளி; தொட்டியென்றால் ஒன்றுக்கு ஒரு செடி.

நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண். டோலமைட் சுண்ணாம்பை இரண்டு வாரம் முன்பே கலந்துவிடுங்கள். இல்லையென்றால் வேர் முடிச்சு நோய் வரலாம். மாலிப்டினம் என்ற நுண்சத்து கிடைக்காமல் இலை சாட்டைபோல் ஒடுங்கும். சாவி (sawi) கீரையோ கைலான் கீரையோ வளர்த்த தொட்டியில் உடனே காலிஃப்ளவர் வைக்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய்.

புழுவுக்கு மருந்து தேடுவதைவிட, நட்ட அன்றே வலை போடுவது மேல். அந்துப்பூச்சி இலைமேல் முட்டை வைத்தபின் வலை போட்டுப் பயனில்லை.

பூ முட்டையளவு வந்ததும், வெயில் படாமல் வெள்ளையாக இருக்க இலைகளைச் சேர்த்துக் கட்டுவது பழைய வழக்கம். மாலை மழை கொட்டும் ஊரில் இறுக்கிக் கட்டினால் நீர் உள்ளே தேங்கிப் பூ அழுகும். ஓர் இலையை ஒடித்து மேலே கவிழ்த்தால் போதும்.

இன்னும் பெரிதாகட்டும் என்று காத்திருப்பதுதான் கடைசித் தவறு. இந்த வெப்பத்தில் இறுகிய பூ ஓரிரு நாளில் நெகிழ்ந்து, அரிசிபோல் துகள்துகளாகிவிடும். ஓரம் பிரியத் தொடங்குமுன், காலையிலேயே நான்கைந்து இலையோடு அறுங்கள். புரோக்கோலிபோல் மறுபடி துளிர்த்துத் தருமென்று செடியை விட்டுவைக்க வேண்டாம். பூவை உப்பும் மஞ்சளும் கலந்த வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போடுங்கள், ஒளிந்திருக்கும் புழு வெளியே வந்துவிடும். இளம் இலையையும் தண்டையும் பொரியலுக்கு எடுத்து வையுங்கள்.