ஸ்பேமைத் தடுக்கப்போய் நல்ல மெயிலை இழக்காதீர்கள்

சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் சிறு அலுவலகங்களில் ஸ்பேம் வடிகட்டி செய்யும் பெரிய கெடுதல், சந்தேகப்பட்ட மெயிலைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவதுதான். அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்திருப்பார்; இங்கே ஒருவருக்கும் தெரியாது. மறுப்பதானால் இரு சர்வர்களும் மெயிலைக் கைமாற்றும் எஸ்.எம்.டி.பி. உரையாடல் முடியும் முன்பே 550 (‘ஏற்க முடியாது’) என்று சொல்லி, காரணத்தையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். அவருடைய சர்வரே அவருக்குத் தகவல் சொல்லிவிடும். வாங்கிக்கொண்டு பிறகு பவுன்ஸ் (‘சேரவில்லை’ என்ற திருப்பு மெயில்) அனுப்பவே கூடாது. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், அது சம்பந்தமில்லாத ஒருவரின் இன்பாக்ஸில் போய் விழும்.

ஸ்பேம் அனுப்பும் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்து, சர்வர்கள் டி.என்.எஸ். வழியாகக் கேட்டுப் பார்க்கும் தடைப்பட்டியலில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதைத் தங்கள் அமைப்பிலிருந்து நீக்காமல் விட்டவர்களுக்கு 2008 மார்ச்சில் எந்த ஐ.பி.யைக் கேட்டாலும் ‘ஸ்பேம்’ என்றே பதில் வந்தது; வரவேண்டிய மெயிலெல்லாம் திரும்பிப் போனது. இன்னும் இயங்கும் ஸ்பேம்ஹவுஸ் பட்டியல்களில் சிக்கல் வேறு. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று வரும். அது பிழைக் குறியீடு, அனுப்புநரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ரிசால்வரை (டி.என்.எஸ். கேள்விக்கு விடை தேடும் மென்பொருள்), கேள்விகளை வேறெங்கும் ஃபார்வர்டு செய்யாமல் ஓட்டுங்கள். ஸ்பேம்ஹவுஸின் ஜென் பட்டியலில் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதிலுக்கு மட்டும் மறுக்கச் சொல்லுங்கள்.

கிரேலிஸ்டிங் என்ற வடிகட்டும் முறை முன்பின் தெரியாதவரை ‘பிறகு வா’ என்று 4-இல் தொடங்கும் குறியீட்டால் திருப்புகிறது. அதைச் செய்யும் போஸ்ட்கிரே மென்பொருளில் இயல்பான காத்திருப்பு 300 விநாடி. பெரிய நிறுவனங்கள் மறுமுறை வேறு ஐ.பி.யிலிருந்து வரலாம், காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும், அதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். அவர்களுடைய ஐ.பி. வரம்புகளுக்கு முன்கூட்டியே விலக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

மெயிலுக்கு மதிப்பெண் போடும் ஸ்பேம்அசாசின் வடிகட்டியில், ஸ்பேம் என்று முடிவுசெய்யும் இயல்பான வரம்பு 5. ஸ்பேம் கூடியதும் அதை 3 ஆக்குவது அவசர வைத்தியம். முதலில் அடிபடுவது விலைப்பட்டியலும் ரசீதும். அதற்குப் பதிலாக, பழைய மெயில்களைப் பார்த்துக் கற்கும் அதன் பேயஸ் பகுதிக்குப் பயிற்சி கொடுங்கள். ஸ்பேமில் 200, நல்லதில் 200 பார்த்த பிறகுதான் அது மதிப்பெண் போடத் தொடங்கும். ஸ்பேமை மட்டும் ஊட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எஸ்.பி.எஃப். (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த ஐ.பி.க்கு அனுமதி உண்டா என்ற சோதனை) தோற்றதற்காக மட்டும் மறுக்காதீர்கள். பழைய கல்லூரி முகவரியிலிருந்து ஃபார்வர்டு ஆகி வரும் மெயிலில் அது தோற்பது சகஜம், அனுப்பும் டொமைன் மெயிலில் இடும் டி.கிம். கையெழுத்து பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும், அதையும் பாருங்கள்.

சர்வர் பொறுப்பாளரைத் தொடர்புகொள்வதற்கான போஸ்ட்மாஸ்டர் முகவரியை எல்லாத் தடைகளிலிருந்தும் விலக்கிவைத்து, 550 வரியில் அதையே குறிப்பிடுங்கள். அந்தப் பெட்டியில் ஸ்பேம் கொட்டத்தான் செய்யும். ஆனாலும் ஒருவர் தினமும் திறந்து பார்க்க வேண்டும்.