பிரிட்டனில் அம்ப்ரெல்லா கம்பெனி: டே ரேட் வேறு, சம்பளம் வேறு

"நாளுக்கு 300 பவுண்டு, இன்சைட் ஐஆர்35, அம்ப்ரெல்லா வழியாக" என்று ஏஜென்சிக்காரர் போனில் சொன்னதும், வாரம் 1,500 என்று கணக்குப் போட்டு அதற்கேற்ற வாடகையில் வீடு பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த 300 உங்கள் சம்பளம் அல்ல. அம்ப்ரெல்லா என்பது கான்ட்ராக்ட் வேலை செய்பவரைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் போடும் இடைக் கம்பெனி. இன்சைட் ஐஆர்35 என்றால், ஊழியரைப் போலவே வரி கட்ட வேண்டிய கான்ட்ராக்ட்.

நீங்கள் வேலை பார்ப்பது ஒரு வங்கியில் என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கும், ஏஜென்சி தன் பங்கு போக மீதியை அம்ப்ரெல்லாவுக்கு அனுப்பும். சட்டப்படி உங்கள் முதலாளி அந்த அம்ப்ரெல்லாதான். ஆனால் முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் (சமூகப் பாதுகாப்புக்கான கட்டாயக் கட்டணம்) 15 சதவீதமும், அப்ரென்டிஸ்ஷிப் லெவி (தொழிற்பயிற்சிக்கான வரி) 0.5 சதவீதமும் உங்களுக்காக வந்த பணத்திலிருந்தே போகும். அம்ப்ரெல்லா தனக்கு எடுத்துக்கொள்ளும் கட்டணமான மார்ஜினும் அதிலிருந்துதான்.

மார்ஜின் வாரம் 20 பவுண்டு என்றால், 1,500-இல் உங்கள் மொத்தச் சம்பளமாக நிற்பது ஏறக்குறைய 1,294. விடுமுறைச் சம்பளமும் இதற்குள்ளேயே அடக்கம். இதிலிருந்து உங்கள் வருமான வரியும், உங்கள் பங்கு நேஷனல் இன்சூரன்ஸும் போகும். இங்கிலாந்தில் வழக்கமான வரிவிலக்குக்குரிய 1257எல் டாக்ஸ் கோடு இருந்தால் கைக்கு வருவது சுமார் 950. பென்ஷன் பிடித்தால் இன்னும் குறையும். வீட்டு வாடகையை இந்த 950-ஐ வைத்து முடிவு செய்யுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஏஜென்சியிடம் 'கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்' கேளுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து அதைக் கொடுப்பது அவர்கள் கடமை. பிடித்தங்களும் கைக்கு வரும் தொகையும் மாதிரிக் கணக்கோடு அதில் இருக்கும்.

விடுமுறைச் சம்பளம் (12.07 சதவீதம்) வாராவாரம் வருகிறதா, சேர்த்து வைக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். சேர்த்து வைத்தால், லீவு எடுக்கும்போது நீங்களே கேட்டு வாங்க வேண்டும். கான்ட்ராக்ட் முடியும்போது பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். "85 சதவீதம் கைக்கு வரும்" என்று யாராவது சொன்னால், அது நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறைந்தபட்சக் கூலியை மட்டும் சம்பளமாகக் காட்டி, மீதியை 'கடன்', 'அட்வான்ஸ்' என்ற பெயரில் தருவார்கள். பேஸ்லிப்பில் ஒரு தொகை, வங்கிக் கணக்கில் அதைவிடப் பெரிய தொகை என்று வந்தால் அதுதான் அடையாளம். சில வருடம் கழித்து வரித்துறையான எச்எம்ஆர்சி வரியையும் வட்டியையும் கேட்டு உங்களிடமே வரலாம். அந்தக் கம்பெனி அதற்குள் மூடப்பட்டிருக்கலாம். இப்படிப்பட்ட திட்டங்களின் பெயர்களை எச்எம்ஆர்சி தன் தளத்தில் வெளியிடுகிறது, தேடிப் பாருங்கள்.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர், ஸ்பான்சர் செய்த வேலையை விட்டுவிட்டு அம்ப்ரெல்லா வழியாக வேறு கான்ட்ராக்டுக்குப் போக முடியாது. அவருடைய டிபென்டன்டாக வந்த கணவனோ மனைவியோ போகலாம், பிரிட்டனில் படித்து முடித்துக் கிராஜுவேட் விசா வாங்கியவரும் போகலாம்.

முதல் பேஸ்லிப் வந்ததும் எச்எம்ஆர்சி ஆப்பைத் திறந்து, அதே சம்பளமும் அதே வரியும் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்த வாரமே அம்ப்ரெல்லாவிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.