முன்னாள் இராணுவ வீரர் இறந்த பிறகு: பென்ஷன் மனுவில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் இறப்பைப் பதிவது ஒரு வேலை, பென்ஷன் கேட்பது வேறு வேலை. ஜேபிஎன் எனப்படும் தேசியப் பதிவுத் துறையில் மரணப் பத்திரம் கைக்கு வந்ததும், "அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது, இனி அம்மா பேருக்குப் பணம் வரும்" என்று பல குடும்பங்கள் காத்திருக்கின்றன. அப்படி வராது. இராணுவப் பென்ஷனைப் பார்ப்பது ஜேஎச்இவி, அதாவது முன்னாள் படைவீரர் விவகாரத் துறை. அங்கே மனைவி தன் பெயரில் மனு கொடுத்தால்தான் பென்சென் தெர்பித்தான் எனப்படும் வாரிசு பென்ஷன் தொடங்கும். பினாங்கிலிருந்து இதற்காகக் கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் பஸ் ஏற வேண்டாம், மாநில அலுவலகம் இருக்கிறது.

முதல் வாரத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. நம் வீடுகளில் பதினாறாம் நாள் கருமாதி முடியட்டும், பேப்பர் வேலையைப் பிறகு பார்க்கலாம் என்பது வழக்கம். ஆனால் இறப்பை 7 நாட்களுக்குள் பதிய வேண்டும். பத்து லாஞ்சாங்கிலோ செராஸிலோ தகனத்துக்குக் காட்டிய பெர்மிட் மரணப் பத்திரம் ஆகாது. பெர்மிட்டை வைத்துக்கொண்டு "பதிந்தாயிற்று" என்று நினைத்தவர்கள் பிறகு அலைகிறார்கள்.

வீட்டில் இறந்தவருக்கு போலீஸ் பாலாயில் (நிலையத்தில்) பெர்மிட் எடுக்கும்போது மரணக் காரணத்தை யோசிக்காமல் சொல்லிவிடுவது இன்னொரு தவறு. "வயசாச்சு" என்றால் 'சாக்கிட் துவா', அதாவது முதுமை, என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் பணியில் பட்ட காயத்துக்கோ நோய்க்கோ ஊனப் பென்ஷன் வாங்கிவந்தவர் என்றால், அந்தக் காயமே உயிரைப் பறித்தது என்று பின்னால் காட்ட நேரிடலாம். பத்திரத்தில் 'முதுமை' என்றிருந்தால் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். ஆஸ்பத்திரி கார்டு, மருந்துச் சீட்டு, டாக்டர் அறிக்கை எல்லாவற்றையும் பாலாய்க்குப் போகும்போதே கொண்டுபோங்கள்.

இறந்தவரின் மைகார்டை (அடையாள அட்டையை) ஜேபிஎன்னில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்பே அதன் இரு பக்கத்தையும், பென்ஷன் அட்டையையும், இராணுவ விடுவிப்புப் பத்திரத்தையும் நகல் எடுத்துவிடுங்கள். இராணுவ எண் தெரியாமல் ஜேஎச்இவிக்குப் போனால் பழைய கோப்பைத் தேடுவதே பெரிய வேலையாகிவிடும். தொண்ணூறு சதம் வீடுகளில் அந்தப் பத்திரங்கள் சாமி அறைப் பெட்டியில் இருக்கும் என்று சொன்னால் மிகை, ஆனால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது ஏடிஎம் அட்டை. இறந்த செய்தி துறைக்குப் போய்ச் சேரும்வரை பென்ஷன் வழக்கம்போல அவர் கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். காரியச் செலவுக்கு என்று பிள்ளைகள் அதை எடுத்துவிடுகிறார்கள். இறந்த பிறகு வந்த அந்தத் தொகை அரசாங்கத்துடையது, திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கணக்கைத் தொடாமல் உடனே ஜேஎச்இவியிடம் எழுத்தில் தெரிவியுங்கள். பென்ஷன்காரரின் ஈமச்சடங்குக்கு 3,000 ரிங்கிட் உதவித்தொகை இருக்கிறது, செலவுக்கு அதைக் கேளுங்கள். சடங்கை ஏற்று நடத்தியவர் யார் என்று அண்ணன் தம்பிகள் முதலிலேயே பேசி முடித்துக்கொண்டு, ரசீதுகளை அவர் பெயரில் வாங்குவது நல்லது.

பெயரும் எண்ணும்

மனு திரும்பி வருவதற்கு நம்மவர்களிடம் பெரிய காரணம் பெயர்தான். இராணுவப் பதிவில் சுப்ரமணியம், மைகார்டில் சுப்பிரமணியன். 'மகன்' என்பதற்கு ஓரிடத்தில் எஸ்/ஓ, இன்னோரிடத்தில் ஏ/எல். மனைவியின் பெயர் ஒரு பத்திரத்தில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி. எழுத்துக்கூட்டலை எழுதியவர் பெரும்பாலும் எஸ்டேட் கிராணி (எழுத்தர்) அல்லது பதிவு குமாஸ்தா, ஆனால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். போதாதற்கு, அப்பா பணியில் இருந்தபோது பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் ஐசி (அடையாள அட்டை) எண்ணுக்குப் பதில் அவருடைய இராணுவ எண் இருக்கலாம். கவுண்டரில் இருப்பவருக்கு அது வேறொரு ஆள் போலத் தெரியும்.

எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயரும் எண்ணும் எங்கே மாறுகின்றன என்று எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் வித்தியாசம் மட்டும் என்றால், எல்லா வடிவங்களையும் ஒன்றுவிடாமல் குறிப்பிட்டு 'இவை அனைத்தும் ஒரே நபர்' என்று சத்தியப் பிரமாணம் ஒன்றை கமிஷனர் ஃபார் ஓத்ஸ் எனப்படும் ஆணையர் முன் செய்துகொள்ளலாம். ஒரு வடிவத்தை விட்டாலும் இன்னொன்று எடுக்க வேண்டிவரும். பிறந்த தேதியோ ஐசி எண்ணோ தவறு என்றால் பிரமாணம் போதாது, ஜேபிஎன்னில் திருத்தம் கேட்க வேண்டும். அதற்கு நாளாகும், ஆகவே முதலில் அதைத் தொடங்குங்கள்.

கோயில் கல்யாணம்

இங்குதான் விதவைகள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் முறைப்படி தாலி கட்டிய திருமணம் சட்டப்படி பதிவானதாகவே கருதப்படும். 1978இல் கோயிலில் கல்யாணம் செய்தவரிடம் திருமணப் பத்திரம் இல்லையே என்பதால் அவர் மனைவி இல்லை என்று ஆகிவிடாது. "சூராட் (பத்திரம்) இல்லையென்றால் ஒன்றும் நடக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மனு போடாமலே விட்டவர்கள் உண்டு.

செல்லுபடியாகும் திருமணம் என்றாலும் அலுவலகத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கோயில் ரசீது, கல்யாணப் பத்திரிகை, பழைய புகைப்படம், கல்யாணத்துக்கு வந்த பெரியவர்களின் பிரமாணம் எல்லாம் உதவும். இவற்றைவிட வலுவான ஒன்றைப் பலர் மறக்கிறார்கள்: கணவரின் இராணுவப் பதிவேடு. முகாமில் குடும்பக் குவார்ட்டர்ஸ் வாங்கியவர் மனைவி பெயரைக் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். அந்தப் பதிவைப் பார்க்கும்படி மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.

1982க்குப் பிறகு கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்களின் நிலை சிரமமானது. நீதிமன்றங்களில் இரு விதமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது, கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் ஜாபத்தான் பந்துவான் குவாமான் எனப்படும் சட்ட உதவித் துறையை அணுகலாம். கணவன் மனைவி இருவரும் உயிரோடிருக்கும் வீடுகள் இதைப் படித்த வாரமே ஜேபிஎன்னுக்குப் போவது நல்லது.

மறுபக்கமும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன் பேசிப் பிரிந்தது விவாகரத்து ஆகாது. நீதிமன்ற ஆணை இல்லையென்றால், இருபது வருடம் தனியே வாழ்ந்தவரும் சட்டப்படி மனைவிதான். அவரை மறைத்து இன்னொருவர் மனு போட்டால் விஷயம் வெளிவந்து இருவருக்கும் பணம் நின்றுபோகலாம். வளர்ப்புப் பிள்ளைக்கும் இதே கதை: பாசத்தோடு வளர்த்தது போதாது, தத்தெடுப்பு சட்டப்படி நடந்திருக்க வேண்டும்.

பென்ஷன் சொத்து அல்ல

"அப்பா உயிலில் எனக்கு எழுதிவைத்தார்" என்று மூத்த மகன் வாரிசு பென்ஷனைக் கேட்க முடியாது. அது தகுதியுள்ள மனைவிக்கும் சார்ந்த பிள்ளைகளுக்கும் விதிப்படி போவது. வீடு, நிலம், வங்கிப் பணம் ஆகியவை வேறு. உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. சொத்து வழக்கு முடியட்டும் என்று பென்ஷன் மனுவைத் தள்ளிப்போடுவது வீண் காத்திருப்பு. இரண்டும் தனித்தனிப் பாதை.

எல்லா முன்னாள் வீரருக்கும் பென்ஷன் கிடையாது. பழைய தலைமுறைச் சிப்பாய்களில் 21 வருட சேவையை முடிக்காமல் வெளியேறியவர்களுக்குப் பொதுவாக மாதப் பென்ஷன் இல்லை. அதனால் மனைவிக்கும் வாரிசு பென்ஷன் வராது. ஆனாலும் ஜேஎச்இவியில் நலிந்தவர்களுக்கான நல உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பென்ஷன் இல்லை என்று கவுண்டரில் சொன்னதும் எழுந்து வந்துவிடாமல் அதையும் கேளுங்கள். இராணுவத்தினரின் சேமநிதியான எல்டிஏடியில் ஏதேனும் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இராணுவத்துக்குப் பிறகு செக்யூரிட்டி கார்டாகவோ லாரி ஓட்டியோ வேலை பார்த்தவர் என்றால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கணக்குகள் இருக்கும். 'இராணுவக்காரர்' என்ற நினைப்பில் இவற்றைக் குடும்பங்கள் மறந்தேவிடுகின்றன. இபிஎஃப் மரண உதவித்தொகை 2,500 ரிங்கிட். உறுப்பினர் 60 வயதுக்குள் இறந்திருந்து, 6 மாதத்துக்குள் கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். பெர்கேசோவின் வாரிசு பென்ஷனில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு.

மனுவைக் கொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. வங்கிக் கணக்கு விதவையின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும், மகனோடு சேர்ந்த கணக்கு வேண்டாம். பல வருடம் தொடாத பழைய சேமிப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும், முதலில் வங்கியில் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் ஓகேயூ அட்டை மட்டும் போதாது, அரசாங்க ஆஸ்பத்திரியின் மருத்துவ அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். மேற்படிப்பில் உள்ள பிள்ளைக்குக் கல்லூரிக் கடிதம் வேண்டும். மனுவின் முழு நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள், தேதியோடு. பிறகு யாராவது போனில் அழைத்து "பென்ஷன் பாஸாகிவிட்டது, டிஏசி எண்ணைச் சொல்லுங்கள்" என்று வங்கியின் ரகசிய எண்ணைக் கேட்டால் பதில் பேசாமல் வைத்துவிட்டு, சாப் உள்ள அந்த நகலோடு அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.