கால்வாய்ப் படகில் குளிர் தாங்க ஒரு வழி

இங்கிலாந்துக் கால்வாய்களில் 'நாரோபோட்' எனும் ஒடுக்கமான இரும்புப் படகிலேயே குளிர்காலம் முழுக்கக் குடியிருப்பவர்கள் உண்டு. அடுப்பு எவ்வளவு எரிந்தாலும், ஒற்றைக் கண்ணாடியும் அலுமினியச் சட்டமுமாக இருக்கும் ஜன்னல் வழியே சூடு போய்விடும். விடிந்தால் கண்ணாடியில் நீர் வழிந்து கீழே இருக்கும் பலகையை ஊறவைக்கும்.

இதற்கு நல்ல வழி, ஜன்னலின் உட்புறம் 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் தகடு, அதாவது கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக். அதை, ஒட்டக்கூடிய காந்தப் பட்டையான காந்த நாடாவால் பொருத்தலாம். அலுமினியத்தில் காந்தம் பிடிக்காது. ஆகவே சட்டத்தில் ஒரு நாடா, தகட்டில் அதன் ஜோடி என இரண்டும் வேண்டும். சட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். அக்ரிலிக் மீது மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது, நுண்விரிசல் விடும். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஈரம் குறைந்த நாளில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சட்டத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் மறைக்காதீர்கள்.

கையில் காசு குறைவென்றால் ஹேர் டிரையர் காட்டி இறுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. வசந்தம் வந்ததும் கிழித்துப் போட வேண்டியதுதான்.

குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். விறகு, கரி அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்துக் கால்வாய்களில், தங்கும் அறையுள்ள படகுகளுக்கு அதற்கான அலாரம் 2019 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையில் கட்டாயம். அவசரத்தில் வெளியேற உதவும் ஜன்னலின் தகட்டில், பிடித்து இழுக்க ஒரு துணிப்பட்டையும் ஒட்டிவையுங்கள்.